கிரவுண்ட் தளத்தில் வயாவுக்கு வழி விடுவது எப்படி?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பொறியியல் மாணவர் கேட்டிருக்கிறார். பாசன வாய்க்காலில் நீர்மட்டத்தை அளந்து 866 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ வழியே அனுப்பும் சிறு கருவி ஒன்றை அவர் செய்துகொண்டிருக்கிறார். நான்கடுக்கு சர்க்யூட் போர்டு. முதல் அடுக்கில் கிளம்பும் ஆன்டெனா சிக்னல் ஒரு வயா (அடுக்குகளை இணைக்கும், செம்பு பூசிய துளை) வழியாக நான்காம் அடுக்குக்கு இறங்குகிறது. நடுவில் உள்ள இரண்டு அடுக்குகளும் கிரவுண்ட், அதாவது மின்னோட்டம் திரும்பி வரும் பொதுச் செம்புத் தளம். மின்காந்த அலைகளைக் கணக்கிடும் ஓப்பன் இ.எம்.எஸ். மென்பொருளில் சிமுலேஷன் ஓட்டினால், அனுப்பிய அலை முழுவதும் அப்படியே திரும்பி வருகிறதாம். மறுமுனைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லையாம். "வயாவைச் சுற்றிக் கிரவுண்ட் தளத்தில் ஓட்டை போட வேண்டும் என்று புரிகிறது. நாற்பதுக்கு மேல் வயாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கையால் போட வேண்டுமா? எவ்வளவு பெரிதாகப் போட வேண்டும்?" இதுதான் கேள்வி.

தம்பி, சிமுலேஷன் உங்களிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நீங்கள் வரைந்து கொடுத்த போர்டில் ஆன்டெனா சிக்னல் கிரவுண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் இரண்டு இடங்களில். வயா ஒரு செம்புக் குழாய். கிரவுண்ட் தளம் ஒரு செம்புத் தகடு. குழாய் தகட்டைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தில் இடைவெளி இல்லையென்றால் இரண்டும் ஒரே உலோகம். அலை அங்கே முட்டித் திரும்பாமல் என்ன செய்யும்?

"போர்டு வரையும் கீகேட் மென்பொருளின் திரையில் ஓட்டை தெரிகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். அங்கே நீங்கள் வரைந்தது தளத்தின் எல்லைக்கோடு மட்டும்தான். உள்ளே செம்பை நிரப்பியதும், வழியில் வந்த வயாக்களுக்கு ஒதுங்கி இடம் விட்டதும் மென்பொருள். நீங்கள் சிமுலேஷனுக்குள் தளத்தை மறுபடி ஒரு செவ்வகமாக வரைந்தபோது எல்லைக்கோடு வந்தது, ஒதுங்கும் விதி வரவில்லை. அந்த விதி சொல்வது இவ்வளவுதான்: வேறு நெட்டைச் (மின் இணைப்பால் ஒன்றான செம்புகளின் தொகுப்பு) சேர்ந்த எந்தச் செம்பும் இந்தத் தளத்தை இத்தனை மில்லிமீட்டருக்குள் நெருங்கக் கூடாது. திரையில் தெரியும் வட்டம் அந்த விதி விட்டுச்சென்ற தடம். தொழிலில் அதை ஆன்ட்டிபேட் என்பார்கள், கிளியரன்ஸ் என்றும் சொல்வார்கள். உங்கள் ஊரில் பாசன வாய்க்காலும் வடிவாய்க்காலும் குறுக்கிடும் இடத்தில் சைபன் கட்டி, இரண்டு தண்ணீரும் கலக்காமல் கடத்திவிடுவார்கள் அல்லவா? அதே வேலைதான்.

கையால் நாற்பது வட்டம் போடுவதா என்ற கேள்விக்கு வருகிறேன். வேண்டாம். ஆனால் எல்லா வயாக்களுக்கும் ஒரே மூச்சில் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போட்டுவிடவும் வேண்டாம். நான் பார்த்த பிழைகளில் அடிக்கடி வருவது இந்த இரண்டாவதுதான். வயாப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றின் மையத்திலும் கிரவுண்ட் தளத்தைத் துளைத்துவிடுவார்கள். உங்கள் நாற்பது வயாக்களில் பெரும்பாலானவை இரண்டு கிரவுண்ட் அடுக்குகளையும் தைப்பதற்காகப் போட்டவையாகவே இருக்கும். அவற்றைச் சுற்றியும் துளைத்துவிட்டால் அவை எதையும் தொடாமல் நடுவில் அந்தரத்தில் நிற்கும். ஓட்டை போட மறந்தால் சிமுலேஷன் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும், உங்களுக்குக் காட்டியதைப் போல. வேண்டாத இடத்தில் ஓட்டை போட்டால் அது வாயைத் திறக்காது. வரைபடம் ஓரளவு நியாயமாகவே வரும்; எங்கோ ஓரிரு அதிர்வெண்களில் காரணம் புரியாத பள்ளம் விழும்; நீங்கள் ஆன்டெனாவைச் சந்தேகித்துக்கொண்டு ஒரு வாரத்தைத் தொலைப்பீர்கள்.

ஆகவே வயாப் பட்டியலோடு ஒவ்வொரு வயாவின் நெட் பெயரும் உங்களிடம் இருக்க வேண்டும். கணக்கு அடுக்குவாரியாகப் போக வேண்டும். இரண்டாம் அடுக்கின் தளம் எந்த நெட்? கிரவுண்ட். அந்த அடுக்கைக் கடந்து போகும் வயாக்களில் கிரவுண்ட் அல்லாதவை எவை? அவற்றுக்கு மட்டும் ஓட்டை. மூன்றாம் அடுக்குக்கு மறுபடி இதே கேள்வி. நாளைக்கு மூன்றாம் அடுக்கை 3.3 வோல்ட் தளமாக மாற்றினீர்கள் என்றால் அங்கே கிரவுண்ட் வயாக்களுக்குத்தான் ஓட்டை வேண்டும், 3.3 வோல்ட் வயாக்களுக்கு வேண்டியதில்லை. கால் நுழைக்கும் பாகங்களின் பேடுகளையும் (துளையைச் சுற்றியுள்ள செம்பு வட்டங்கள்) பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அவையும் எல்லா அடுக்குகளையும் துளைத்துக்கொண்டுதான் போகின்றன.

இனி ஓப்பன் இ.எம்.எஸ். உள்ளே இதை எப்படிச் சொல்வது? அதில் ஒவ்வொரு உருவத்துக்கும் முன்னுரிமை எண் ஒன்று உண்டு. ஒரே இடத்தில் இரண்டு உருவங்கள் மேலடுக்கினால், எண் பெரிதாக உள்ளதே அந்த இடத்தின் சொந்தக்காரர். இதை வைத்துக்கொண்டு தகட்டில் ஓட்டை வெட்டாமலே ஓட்டை உண்டாக்கலாம். மின்காப்புப் பலகைக்கு 0 கொடுங்கள். கிரவுண்ட் தகட்டுக்கு 10. ஓட்டை வேண்டிய இடத்தில் மின்காப்புப் பொருளாலான ஒரு சிலிண்டருக்கு 20. வயாவின் செம்புச் சிலிண்டருக்கும் பேடுகளுக்கும் 30. தகட்டை மின்காப்புச் சிலிண்டர் விழுங்கும்; அதன் நடுவில் வயா தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 20-ஐயும் 30-ஐயும் மாற்றிப் போட்டால் ஓட்டை வயாவையே விழுங்கிவிடும். தளத்தின் உயரத்தில் வயா அறுந்து போகும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அந்த 20-ஆம் எண் சிலிண்டரில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். முதல் தடுமாற்றம், அதைக் காற்றால் செய்வது. ஓட்டை என்றால் காற்று என்று கை தானாகப் போகிறது. உள் அடுக்கின் ஓட்டைக்குள் காற்று கிடையாது. அடுக்குகளை வைத்துச் சூடேற்றி அழுத்தும்போது பிசின் உருகி, செம்பு இல்லாத பள்ளங்களை நிரப்பிவிடுகிறது. ஆக அந்த சிலிண்டருக்குப் பலகையின் பொருளையே கொடுங்கள். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த சாதாரண எஃப்.ஆர்.4 பலகை என்றால் மின்காப்பு மாறிலி 4.3 அளவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடுமாற்றம் இதைவிட மோசம்: சிலிண்டரைப் பலகையின் அடியிலிருந்து நுனி வரை நீட்டிவிடுவது. காற்றாலும் செய்து, முழு உயரத்துக்கும் நீட்டியும்விட்டால், வயாவைச் சுற்றிப் பலகையில் ஒரு கிணறே தோண்டியிருக்கிறீர்கள் என்று பொருள். வயாவின் மின்தேக்கத்திறன் குறைந்து, விடை அழகாக வரும். அழகாக வருவதுதான் ஆபத்து. சிலிண்டர் தகட்டின் உயரத்தை மேலும் கீழும் ஒரு மயிரிழை தாண்டினால் போதும். தகட்டைத் தடிமனற்ற தளமாக 0.2 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்திருக்கிறீர்கள் என்றால், சிலிண்டரை 0.19-இலிருந்து 0.21 வரை வையுங்கள்.

(வயாவைக் குழாயாகச் செய்ய வேண்டுமா, திடமான கம்பியாகவே வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். திடமாகவே வையுங்கள். 1 கிகாஹெர்ட்ஸில் செம்புக்குள் மின்னோட்டம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் ஆழம்தான் இறங்குகிறது. குழாயின் சுவரோ 20, 25 மைக்ரோமீட்டர். உள்ளே என்ன இருக்கிறது என்பது அலைக்குத் தெரியவே தெரியாது. ஆனால் வெளிவிட்டம் சரியாக இருக்க வேண்டும். முலாம் பூசி முடிந்த துளை 0.3 மில்லிமீட்டர் என்றால் துரப்பணம் போட்ட விட்டம் சுமார் 0.4. அந்த 0.4-தான் உங்கள் சிலிண்டர்.)

முன்னுரிமை வித்தைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே அடுக்கில் இரண்டு தளங்கள் அடுத்தடுத்து இருக்கும் போர்டுகளில், ஒரு தளத்துக்காகப் போட்ட ஓட்டை பக்கத்துத் தளத்தின் ஓரத்தையும் கடித்துவிடும். 20 என்ற எண்ணுக்கு யாருடைய தகடு என்ற விவஸ்தை கிடையாது. அப்படிப்பட்ட போர்டுக்கு ஓட்டைகளை முதலிலேயே வடிவியல் கணக்காகப் போட்டுக்கொள்வதுதான் சரி. வேற்று நெட்டின் பேடு, வயா, தடம் ஒவ்வொன்றையும் கிளியரன்ஸ் அளவுக்கு வெளியே ஊதிப் பெருக்குங்கள். பெருக்கியவற்றை எல்லாம் ஒன்றாகச் சேருங்கள். சேர்ந்த உருவத்தைத் தளத்தின் எல்லைக்கோட்டிலிருந்து கழியுங்கள். கழித்த பிறகு நாலாபுறமும் துண்டிக்கப்பட்டுத் தீவாக நிற்கும் செம்புத் துண்டுகளைப் பொறுக்கி எறியுங்கள். பலகோணங்களைப் பெருக்கவும் கழிக்கவும் கிளிப்பர் என்ற திறந்த மூல நூலகம் இருக்கிறது; நீங்களே எழுதத் தேவையில்லை. கழித்து வந்த விடை "ஓட்டைகளோடு கூடிய பலகோணம்" என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஓப்பன் இ.எம்.எஸ்.ஸின் பலகோணம் புள்ளிகளின் ஒரே வரிசைதான். ஓட்டைக்குத் தனி இடம் அதில் இல்லை. ஒன்று, எல்லைக்கோட்டிலிருந்து ஓட்டை வரை அகலமே இல்லாத ஒரு வெட்டு விட்டு ஒற்றைக் கோடாக மாற்ற வேண்டும். அல்லது எல்லைக்கோட்டைச் செம்பாகவும், ஓட்டைகளை அடுத்த முன்னுரிமையில் மின்காப்பாகவும் கொடுத்து, சுற்றி வந்து பழைய வித்தைக்கே திரும்ப வேண்டும். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். வெட்டுக்கோடு விழுந்த இடத்தில் மெஷ் (கணக்குக்காக இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலை) போடும் நிரல்கள் சில நேரம் தேவையில்லாத கோடுகளைச் சேர்த்துத் தொலைக்கின்றன.

இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் குறுக்குவழி ஒன்று உண்டு. போர்டை ஜெர்பர் கோப்பாக (பலகை செய்பவர்களுக்கு அனுப்பும் வரைபடக் கோப்பு) ஏற்றுமதி செய்யும்போது கீகேட் ஓட்டைகளைக் கணக்கிட்டு உள்ளேயே வைத்துவிடுகிறது. அந்தக் கோப்பிலிருந்து ஓப்பன் இ.எம்.எஸ். மாதிரியை உருவாக்க, ஆன்ட்மைக்ரோ நிறுவனம் வெளியிட்ட ஜெர்பர்2இ.எம்.எஸ். என்ற திறந்த மூலக் கருவி இருக்கிறது. ஏற்றுமதிக்கு முன் தளங்களை ஒரு தடவை மறுபடி நிரப்பிவிடுங்கள். வயாவை நகர்த்திவிட்டு நிரப்ப மறந்தால் ஓட்டை பழைய இடத்திலேயே நிற்கும். ஜெர்பரில் இன்னொரு விஷயம்: அதில் பூசும் உருவமும் உண்டு, அழிக்கும் உருவமும் உண்டு. சிலேட்டில் எழுதி அழிப்பதைப் போல வரிசைதான் அங்கே எல்லாம். அழிக்கும் உருவங்களைக் கவனிக்காமல் விட்டுவிடும் மாற்றி நிரல் கையில் கிடைத்தால் தளம் மறுபடி முழுத் தகடாகிவிடும். பணம் கொடுத்து வாங்கும் எச்.எஃப்.எஸ்.எஸ். போன்றவற்றில் ஓட்டை என்பது ஓர் உருவத்திலிருந்து மற்றொன்றைக் கழிக்கும் கட்டளை, அவ்வளவுதான். மொமென்டம் போன்ற தளவகை மென்பொருள்களில் ஒரு வேடிக்கை உண்டு: கிரவுண்டை நீங்கள் வரைவதே இல்லை. அது எல்லையில்லாமல் விரிந்து கிடப்பதாக வைத்துக்கொண்டு, ஓட்டையை மட்டும் வரைகிறீர்கள்.

எவ்வளவு பெரிய ஓட்டை? உங்கள் கேள்வியின் இந்தப் பாதிக்கு நேர்மையான பதில்: 866 மெகாஹெர்ட்ஸில் பெரிதாக ஒன்றும் மாறாது. கைக்கணக்குப் போட்டே பார்க்கலாம். வயாவின் மின்தேக்கத்திறனுக்குப் பொறியாளர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் தோராய விதி ஒன்று உண்டு. பலகையின் தடிமனை மில்லிமீட்டரில் எடுத்து, மின்காப்பு மாறிலியால் பெருக்கி, 0.0555-ஆல் பெருக்குங்கள். பிறகு பேடின் விட்டத்தை, ஓட்டையின் விட்டத்துக்கும் பேடின் விட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, அதையும் பெருக்குங்கள். விடை பிகோஃபாரடில் வரும். 1.6 மில்லிமீட்டர் பலகை, 0.6 மில்லிமீட்டர் பேடு, 1.0 மில்லிமீட்டர் ஓட்டை என்றால் சுமார் 0.57 பிகோஃபாரட். ஓட்டையை 1.4 ஆக்கினால் அது பாதியாகி 0.29. இந்த 0.57 உங்கள் 50 ஓம் பாதையில் 866 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்பும் அலை ஏறத்தாழ மைனஸ் 22 டெசிபெல். 0.29 என்றால் மைனஸ் 28. இரண்டுமே உங்கள் ஆன்டெனாவின் குறைபாட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இதே வயாவை 10 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனால் கதை வேறு. அங்கே 0.57 பிகோஃபாரட் என்பது வழியை மறித்து நிற்கும் சுவர்.

அதிவேக வேலைக்கு ஒருநாள் வருவீர்கள் என்பதால் இன்னொரு கணக்கையும் சொல்லிவைக்கிறேன். வயாவையும் ஓட்டையின் விளிம்பையும் கோஆக்சியல் கேபிளின் உள்கம்பியாகவும் வெளியுறையாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது இம்பீடன்ஸ் (அலை உணரும் மின்மறுப்பு) என்பது 60-ஐ மின்காப்பு மாறிலியின் வர்க்கமூலத்தால் வகுத்து, இரண்டு விட்டங்களின் விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கினால் வருவது. 0.4 மில்லிமீட்டர் வயாவுக்கு 1.0 மில்லிமீட்டர் ஓட்டை 26.5 ஓம் கொடுக்கும், 1.4 மில்லிமீட்டர் 36 ஓம். 50 ஓம் வேண்டுமென்றால் 2.25 மில்லிமீட்டர் என்று கணக்கு சொல்லும். கணக்கு சொல்வதை அப்படியே கேட்டுவிடாதீர்கள். இது வெளியுறை முழு நீளத்துக்கும் இருந்தால் செல்லுபடியாகும் கணக்கு. உங்கள் போர்டில் இருப்பவை இரண்டே மெல்லிய தகடுகள். ஆகவே உண்மையான இம்பீடன்ஸ் இதைவிட அதிகமாகவே இருக்கும். ஓட்டையை 2.25-க்குப் பெருக்கினால் இன்னொரு தொல்லையும் வரும்: முதல் அடுக்கில் வயாவை நோக்கி வரும் தடத்தின் கடைசி ஒரு மில்லிமீட்டருக்கு அடியில் தளமே இருக்காது. உங்கள் போர்டுக்கு 1.2 மில்லிமீட்டர் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

அடுத்த வேலை என்று நான் சொல்வது வட்டத்தைச் சிமுலேஷனில் எப்படி வரைகிறீர்கள் என்பதை. இதில் நானே ஒருமுறை நன்றாக அடிபட்டிருக்கிறேன். கும்பகோணத்துக்குத் திரும்பி வருவதற்கு முன், வெளியூரில் வேலை பார்த்த காலம். ஒரு போர்டில் நாற்பது கால் கொண்ட ஹெடர் (வரிசையாகக் கால்கள் நிற்கும் இணைப்பான்), ஒரு வரிசைக்கு இருபது. கால்களுக்கு இடையே வழக்கமான 2.54 மில்லிமீட்டர். கிளியரன்ஸைத் தாராளமாக வைத்ததில் ஓட்டையின் விட்டம் 2.6 ஆகிவிட்டது. 2.54-ஐவிட 2.6 பெரிது என்பதைப் பார்க்க ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போதும். ஆனால் நான் பார்க்கவில்லை, ஏனென்றால் சிமுலேஷன் நன்றாக வந்தது. போர்டு தயாராகி வந்தபோது அது கண்ட இடத்தில் எல்லாம் அலையைக் கசியவிட்டது. ஆன்டெனாவைக் குறை சொன்னேன், மின்வழங்கியைக் குறை சொன்னேன், பலகை செய்துகொடுத்தவர்களையும் விட்டுவைக்கவில்லை.

பிறகுதான் புரிந்தது. மெஷ் சிறிதாக இருக்கட்டும் என்று சிமுலேஷனில் வட்டங்களை எண்கோணங்களாக வைத்திருந்தேன். வட்டத்துக்குள் வரைந்த எண்கோணத்தின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள தூரம் விட்டத்தில் 0.924 பங்குதான். 2.6-க்கு அது 2.4. ஆகவே சிமுலேஷனில் அடுத்தடுத்த ஓட்டைகளுக்கு நடுவே 0.14 மில்லிமீட்டர் செம்புப் பாலம் நின்றது. திரும்பு மின்னோட்டம் அதன் மேல் ஏறிச் சுகமாகப் போனது. உண்மையான போர்டில் அந்தப் பாலமே இல்லை. இருபது வட்டங்களும் ஒன்றோடொன்று கலந்து, தளத்தின் நடுவில் 5 சென்டிமீட்டர் நீளப் பிளவாகிவிட்டன. கிரவுண்ட் தகட்டில் அத்தனை நீளப் பிளவு என்பது, யாரும் கேட்காமலே கட்டிக்கொடுத்த ஒரு ஆன்டெனா.

அதிலிருந்து நான் பலகோணத்தை வட்டத்துக்கு உள்ளே வரைவதில்லை. பரப்பளவு சமமாக வருமாறு சற்றுப் பெருக்கிக்கொள்கிறேன். பன்னிரண்டு பக்கம் என்றால் ஆரத்தை 1.023-ஆல் பெருக்கினால் சரியாகிவிடும். பெருக்காவிட்டால் பரப்பில் 4.5 சதவீதம் காணாமல் போகும். அதோடு, ஓட்டைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் விட்டத்தையும் ஒப்பிட்டு, நடுவில் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவான செம்பு மிஞ்சும் இடங்களைச் சிமுலேஷனுக்கு முன்பே பட்டியல் போட்டுவிடுவேன். ஹெடரும் இணைப்பான்களும் உள்ள போர்டுகளில் அந்தப் பட்டியல் ஒருநாளும் காலியாக வந்ததில்லை.

ஓப்பன் இ.எம்.எஸ்.ஸில் வட்டத்துக்கு இன்னொரு எதிரி உண்டு. அதன் மெஷ் பொதுவாகச் செங்கோணக் கட்டங்கள். வட்டம் அங்கே படிக்கட்டாகத்தான் தெரியும். வயாவுக்கும் விளிம்புக்கும் இடையிலான இடைவெளியில் நான்கு கட்டங்களாவது வேண்டும். 0.4 மில்லிமீட்டர் வயா, 1.2 மில்லிமீட்டர் ஓட்டை என்றால் இடைவெளி 0.4, ஒரு கட்டம் 0.1 மில்லிமீட்டர். அப்படிப்பட்ட கட்டத்தில் காலப்படி (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேரம்) 0.19 பிகோவினாடிக்கு மேல் போக முடியாது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது மெஷ் கோடுகளின் குணம். ஒரு வயாவுக்காக நெருக்கமாகப் போட்ட கோடுகள் அங்கேயே நிற்காமல் போர்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடுகின்றன. நாற்பது வயாக்களுக்கும் தலா இருபது கோடுகள் போட்டால் நீளவாக்கில் 800, அகலவாக்கில் 800. உயரவாக்கில் 40 கோடு வைத்தால் மொத்தம் 2.56 கோடி கட்டங்கள். உங்கள் மடிக்கணினி மேட்டூர் திறப்புக்குக் காத்திருக்கும் வயலைப் போலக் காய்ந்து கிடக்கும்.

ஆகவே முக்கியமான ஒரு வயாவுக்கு மட்டும் மெஷ்ஷை நெருக்குங்கள். அது ஆன்டெனா சிக்னலின் வயா. மற்ற சிக்னல் வயாக்களுக்கு ஓட்டையைச் சதுரமாகவே வைத்துவிடுங்கள், அதன் விளிம்புகளை மெஷ் கோடுகளோடு ஒட்ட வையுங்கள். வட்டத்துக்கு ஈடான சதுரத்தின் பக்கம் விட்டத்தை 1.08-ஆல் வகுத்தது, 1.2-க்கு 1.11. வயாவையும் சதுரத் தூணாக்கலாம். அங்கே விட்டத்தை 1.18-ஆல் வகுக்க வேண்டும், 0.4-க்கு 0.34. படிக்கட்டாக அரைகுறையாய் வரும் வட்டத்தைவிட, கணக்குப் போட்டு வைத்த சதுரம் உண்மைக்கு அருகில் வரும். உங்கள் கேள்வி அந்த ஒரு வயாவைப் பற்றியது மட்டும் என்றால் போர்டு முழுவதையும் ஏன் ஓட்ட வேண்டும்? அதைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள துண்டை வெட்டி எடுத்து ஓட்டுங்கள்.

ஓட்டை போட்டாயிற்று. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை விட்டால் ஓட்டை போட்ட பலனும் பாதியாகிவிடும். சிக்னல் முதல் அடுக்கில் ஓடும்போது அதன் திரும்பு மின்னோட்டம் இரண்டாம் அடுக்கில் நேர் கீழே ஓடுகிறது. சிக்னல் நான்காம் அடுக்குக்கு இறங்கியதும் திரும்பு மின்னோட்டம் மூன்றாம் அடுக்குக்கு மாற வேண்டும். எப்படி மாறும்? நீங்கள் போட்ட ஓட்டை சிக்னலுக்கு வழி விட்டதே தவிர, திரும்பி வருவதற்கு வழி கொடுக்கவில்லை. நம் டெல்டாவில் பாசனத்தைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. வடிகாலைப் பற்றிப் பேச ஐப்பசி மழையில் சம்பா மூழ்க வேண்டியிருக்கிறது. வயா விஷயத்திலும் அப்படித்தான். சிக்னல் வயாவின் பக்கத்தில், ஓட்டைக்குச் சற்று வெளியே, இரண்டு கிரவுண்ட் தளங்களையும் தைக்கும் வயாக்கள் இரண்டு, முடிந்தால் நான்கு வையுங்கள். அவை இல்லாவிட்டால் இரண்டு தளங்களும் சேர்ந்து ஒரு தட்டைப் பெட்டியாகி, தன் அளவுக்கு ஏற்ற அதிர்வெண்ணில் அதிரத் தொடங்கும். 5 சென்டிமீட்டர் போர்டு என்றால் எஃப்.ஆர்.4-இல் அது சுமார் 1.45 கிகாஹெர்ட்ஸ். உங்கள் 866-இலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் 866-இன் இரண்டு மடங்கான 1.73 கிகாஹெர்ட்ஸ் அவ்வளவு தள்ளி இல்லை.

"ஓட்டைக்குச் சற்று வெளியே" என்பதைச் சும்மா சொல்லவில்லை. ஓட்டையை ஆசையாகப் பெருக்கிவிட்டு, தைக்கும் வயாவை நெருக்கமாக வைத்தால், அது ஓட்டைக்குள்ளேயே விழுந்துவிடும். முன்னுரிமை 30 என்பதால் வயா கம்பீரமாக நிற்கும், திரையில் கண்ணுக்கும் தெரியும். தகட்டைத் தொட்டிருக்காது.

கண்ணுக்குத் தெரிவதை நம்பாமல் சரிபார்க்க வழி இருக்கிறது. உருவங்களைக் காட்டும் சாளரம் நீங்கள் சொன்னதைக் காட்டுகிறது. மென்பொருள் புரிந்துகொண்டதைக் காட்டுவதில்லை. ஓப்பன் இ.எம்.எஸ்.ஸை ஓட்டும்போது, உலோகமாக அது எடுத்துக்கொண்ட கட்ட விளிம்புகளை மட்டும் ஒரு கோப்பாகக் கொட்டச் சொல்லும் பிழைதேடல் விருப்பம் உண்டு, பி.இ.சி. என்ற பெயரோடு இருக்கும். அந்தக் கோப்பைப் பாராவியூ என்ற முப்பரிமாணக் காட்சி மென்பொருளில் திறந்து, இரண்டாம் அடுக்கின் உயரத்தில் வெட்டிப் பாருங்கள். சிக்னல் வயாவைச் சுற்றி உலோகமில்லாத ஒரு வளையம் தெரிய வேண்டும். கிரவுண்ட் வயாக்களைச் சுற்றி வளையம் தெரியக் கூடாது. மூன்றாம் அடுக்கிலும் இதையே பாருங்கள். வளையத்தில் ஒரே ஒரு விளிம்பு குறுக்கே பாய்ந்திருந்தாலும் உங்கள் பழைய விடையே திரும்ப வரும். அப்படி வந்தால் மெஷ் கோட்டை அந்த இடத்தில் சற்று நகர்த்துங்கள்.

முதலில் அந்த ஒரு வயாவை மட்டும் துண்டாக வெட்டி, 1.2 மில்லிமீட்டர் ஓட்டை, பக்கத்தில் நான்கு தையல் வயாக்களோடு ஓட்டிவிட்டு, வரைபடத்தை அனுப்புங்கள். மைனஸ் 20 டெசிபெல்லுக்குக் கீழே திரும்பல் இறங்கியிருந்தால் வயாவை மறந்துவிட்டு ஆன்டெனாவுக்குப் போகலாம்.